அறுந்து போவதற்கென்றே ஒரு ரப்பர்

கேள்வி: வணக்கம் சார். தாய்லாந்து போய் 25 ஜம்ப் முடித்து ஸ்கைடைவிங்கில் ஏ லைசென்ஸ் எடுத்து வந்திருக்கிறேன். வந்த சூட்டோடு தெரிந்தவர் ஒருவரிடம் பழைய ரிக் (பாராசூட்டுகளும் முதுகுப் பையும் சேர்ந்த செட்) ஒன்றையும் வாங்கிவிட்டேன். வீட்டு ஹாலில் மெயின் பாராசூட்டை மடித்துப் பழகும்போது, லைன்களை, அதாவது பாராசூட்டின் கயிறுகளைப் பிடித்து வைக்கும் ரப்பர் பேண்டுகளில் மூன்று பட்பட்டென்று அறுந்துவிட்டன. வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போடலாமென்றால் பேண்டின் விலையைவிட அனுப்பும் கூலி அதிகம். அவென்யூ ரோட்டு ஸ்டேஷனரிக் கடையில் பட்டையான பேண்ட் எடைக்குக் கிடைக்கிறது. எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரோ, பழைய டியூபை வளையம் வளையமாக வெட்டித் தருகிறேன், ஜென்மத்துக்கும் அறாது என்கிறார். எதை வாங்கலாம்?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஜென்மத்துக்கும் அறாது என்று அவர் சொன்னாரே, எனக்குப் பயம் தருவது அதுதான். உங்களுக்கு வேண்டியது அறாத ரப்பர் இல்லை. அளவாகப் பிடித்து, சிக்கல் வந்தால் அறுந்து வழிவிடுகிற ரப்பர்.

குதிக்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மெயின் பாராசூட்டின் துணி நேராக முதுகுப் பைக்குள் போவதில்லை. முதலில் டி-பேக் என்ற சின்னத் துணிப்பைக்குள் போகிறது. துணியிலிருந்து கிளம்பும் லைன்களை இப்படியும் அப்படியுமாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் அந்தப் பையில் தொங்கும் ஒரு ரப்பர் பேண்டுக்குள் செருகுகிறார்கள். முதல் சில மடிப்புகள் பையின் வாயையே பூட்டி வைக்கின்றன. அவற்றுக்கு லாக்கிங் ஸ்டோ என்று பெயர். குதித்தவர் பைலட் சூட் என்ற குட்டிப் பாராசூட்டை எடுத்து வீசியதும் அது காற்றைப் பிடித்துப் பையை மேலே இழுக்கும். மடிப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று, லைன் முழுதும் விறைத்த பிறகுதான் பையின் வாய் திறந்து துணி வெளியே வரவேண்டும். இந்த வரிசை குலையாமல் காப்பது அந்த ரப்பர் பேண்டுகள்தான். வேறு எந்த வேலையும் அவற்றுக்கு இல்லை.

பிடி தளர்ந்தால் என்ன ஆகும்? லைன்கள் மொத்தமாகச் சரிந்து கொட்டிவிடும். லைன் டம்ப் என்பார்கள். கொட்டிய லைன் எதிலாவது சுற்றிக்கொள்ளலாம். அல்லது லைன் விறைப்பதற்கு முன்பே துணி வெளியே வந்து, ஒரே அடியில் விரிந்து ஆளை உலுக்கும். கழுத்தும் முதுகும் அடிபடும், துணி கிழியவும் கூடும். பிடி மிஞ்சினால் இதற்கு நேர் எதிர். ஒரு லைன் எங்கேயாவது கொக்கி போட்டுக்கொண்டு, பேண்டும் அறாமல் நின்றால், பை திறக்கவே திறக்காது. இது பேக் லாக். அப்போது மெயினைக் கழற்றி விட்டுவிட்டு, ஆபத்துக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட்டான ரிசர்வை இழுக்க வேண்டியதுதான். வயிறு கீழே பார்க்க விழும் ஒருவர் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறார். 1,000 அடி என்பது ஆறு வினாடிகூட இல்லை. ஏ லைசென்ஸ்காரர் குறைந்தது 3,000 அடியிலாவது பாராசூட்டைத் திறக்க ஆரம்பித்துவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதி. யோசிப்பதற்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வீடுகளில் ப்யூஸ் போனால் கட்டையில் மெல்லிய கம்பிதான் கட்டுவோம். அடிக்கடி போகிறதே என்று தடிக் கம்பி கட்டியவர் வீட்டில் ஒயரே எரியும். சைக்கிள் டியூப் அந்தத் தடிக் கம்பி.

டியூப் வளையத்தை அந்தக் காலத்திலிருந்தே சிலர் வெளிநாட்டில் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள், மறைப்பானேன். ஆனால் கத்தரி போன போக்கில் ஒரு வளையம் அரை அங்குலம், இன்னொன்று கால் அங்குலம் என்று வந்தால் இழுவிசை ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது. பட்டையாக வெட்டியது அறவே அறாது. ஓரத்தில் பிசிறு விழுந்தது எப்போது கிழியும் என்று சொல்லவும் முடியாது. பழைய டியூபில் ஒட்டுப் போட்ட இடம் வேறு இருக்கும்!

அவென்யூ ரோட்டுப் பேண்டில் தவறு வேறு மாதிரி. அது நோட்டுக் கட்டுக்கும் பார்சலுக்கும் செய்தது. ஒரு பையிலிருந்து பத்து பேண்டை எடுத்து இழுத்துப் பாருங்கள், பத்தும் பத்து விதமாக இருக்கும். மெல்லியதில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. இரண்டில் ஒன்று முதலில் போனால் அந்த மடிப்பின் பிடி பாதியாகிறது, நீங்கள் பார்க்கக் கூட முடியாத இடத்தில். துணி சுற்றிய தலைமுடி பேண்டையும் சிலர் நினைப்பதுண்டு. அதைக் கையில் எடுக்கவே வேண்டாம். உள்ளே எலாஸ்டிக் போனாலும் வெளியே துணி விடாது.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது பாராசூட் லைனுக்கென்றே ராணுவத் தர அளவில் செய்த பேண்ட். பொதுவாகப் புழங்குவது 2 அங்குல நீளம், 3/8 அங்குல அகலம். தடித்த டாக்ரான் லைனுக்கு அது பொருந்தும். மெல்லிய மைக்ரோலைன் என்றால் அதே அகலத்தில் ஒன்றேகால் அங்குலச் சிறிய பேண்டும் உண்டு. பழைய ரிக் என்கிறீர்களே, முதலில் உங்கள் லைன் எந்த ரகம் என்று பாருங்கள். மெல்லிய லைனுக்குப் பெரிய பேண்ட்தான் கையிலிருக்கிறது என்றால் இரண்டு சுற்றுச் சுற்றும் பழக்கம் உண்டு. அதையும் உங்கள் கனோபியின் (விரியும் பாராசூட் துணியின்) கையேடு ஒத்துக்கொண்டால் மட்டும், பாராசூட் மடித்துப் பழுதுபார்க்கும் ரிக்கரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். சமாளிப்பு என்று நான் சம்மதிப்பது அந்த மட்டும்தான்.

பிடி எவ்வளவு இருக்கவேண்டும்? பரவலாகச் சொல்லும் கணக்கு ஒரு மடிப்புக்கு 8 முதல் 12 பவுண்டு, அதாவது மூன்றரை முதல் ஐந்தரை கிலோ. விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் பெட்டியைத் தூக்கி நிறுக்கும் கொக்கித் தராசு வீட்டில் இருக்குமே, அது போதும். லைனை இரும்பு கீறாமல் மடிப்பில் ஒரு நாடாவைக் கோத்து, தராசை அதில் மாட்டி மெல்ல இழுங்கள். மடிப்பு வழுக்கிக் கழலும்போது முள் காட்டுவதுதான் உங்கள் பிடி. லாக்கிங் ஸ்டோவை இப்படிப் பார்க்காமல் விடாதீர்கள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு முழுப் பை பேண்ட், வெளிநாட்டில் ஒரு ஜம்ப் டிக்கெட்டின் விலையில் சின்னப் பங்குதான். உங்களை உறுத்துவது அனுப்பும் கூலி. பெங்களூரில் ரிக் வைத்திருக்கும் நாலு பேரைச் சேர்த்து ஒரே பார்சலாக வரவழையுங்கள். துபாய்க்கோ பட்டாயாவுக்கோ யாராவது குதிக்கப் போனால் இரண்டு பை வாங்கிவரச் சொல்லுங்கள். வருவதற்குள் குதிக்கும் நாள் வந்துவிட்டதா? மைதானத்தில் பக்கத்தில் மடிப்பவரிடம் மூன்று பேண்ட் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். யாரிடமும் இல்லையென்றால் அன்றைக்கு மடித்த ரிக்கை வாடகைக்கு எடுங்கள், அல்லது தரையில் நின்று மற்றவர்களை வேடிக்கை பாருங்கள்.

இன்னொன்று, இந்த நுகர்வோர் பகுதியை எழுதுகிறவன் என்ற முறையில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் பொருளால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஆனால் அதன் 87-ஆவது பிரிவைப் படியுங்கள்: தீங்கு நேர்ந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்றவர் மீது வழக்குச் செல்லாது. டியூப் வளையம் போட்ட ரிக்கை வைத்துக்கொண்டு நாளைக்கு விற்றவரைக் கேள்வி கேட்க முடியாது.

கேள்வி: ஆன்லைனில் "பாராசூட் ரப்பர் பேண்ட், மிலிட்டரி தரம்" என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்தது சாதாரணப் பார்சல் பேண்ட். கவரில் எந்த நாடு, யார் இறக்குமதி, எதுவும் இல்லை. திருப்பி எடுக்கச் சொன்னால் "சின்னப் பொருள், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள்.
- வாசகி, மர்பி டவுன்

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விலை பத்து ரூபாயா பத்தாயிரமா என்று விதி பிரித்துப் பார்ப்பதில்லை. இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், எண்ணிக்கை, அதிகபட்ச சில்லறை விலை இருந்தாக வேண்டும். அது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. கவரைத் தூக்கி எறியாதீர்கள், விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போடவேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்கு யாரும் ஆணையம்வரை போகமாட்டார்கள் என்பதுதான் அவர்கள் தைரியம். 1915-லேயே பெரும்பாலும் வழிக்கு வருவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பேண்டை ரிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கறிவேப்பிலைக் கட்டுக்கு ஆகும்.

கேள்வி: ரப்பருக்குப் பதில் டியூப் ஸ்டோ என்ற சிலிக்கோன் வளையம் போட்டுவிட்டால் மாற்றும் வேலையே இல்லை என்கிறார் நண்பர். வாங்கலாமா?
- வாசகர், சி.வி. ராமன் நகர்

பதில்: நீண்ட நாள் உழைக்கும், உண்மைதான். ஏன் உழைக்கிறது? லேசில் அறுவதில்லை என்பதால். மேலே அல்சூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அதைப் பயன்படுத்திப் பத்திரமாகக் குதிப்பவர்கள் இருக்கிறார்கள், எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நான் எதிர்க்கும் பக்கம். பேண்ட் மாற்றச் சலிப்பாக இருக்கிறது என்றால், லாக்கிங் ஸ்டோவுக்கு மட்டும் ரப்பர் வைத்து மிச்ச லைனை ஒரு பைக்குள் சுருட்டிவிடும் செமி-ஸ்டோலெஸ் டி-பேக் கிடைக்கிறது. உங்கள் கனோபிக்கும் கன்டெய்னர் என்ற முதுகுப் பைக்கும் அது ஒத்துவருமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு அதில் காசைப் போடுங்கள்.

கேள்வி: பேண்ட் காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவலாமா?
- பெயர் வேண்டாம், ஸ்ரீராமபுரம்

பதில்: கூடாது. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிப் பிடியை இழக்கும், லைனிலும் கறை ஏறும். காற்றுப் புகாத கவரில், வெயில் படாமல், அலமாரியில் வையுங்கள். பெங்களூர்தான் குளுகுளு, உங்கள் கார் டிக்கி அல்ல. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் சீக்கிரம் வெடிக்க வைக்கும். அதனால் மடித்தபடியே மாதக்கணக்கில் கிடந்த ரிக்கைப் பிரித்து, பேண்டை இழுத்துப் பார்த்து, மயிரிழைக் கீறல் தெரிந்தாலே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் இந்தக் குதிக்கிற விளையாட்டில் இறங்கியிருக்கிறான். காய்கறிக்காரர் போடுகிற மாதிரி ரப்பர் பேண்டை வைத்துப் பாராசூட்டைக் கட்டுவதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஆபத்துக்கு வைத்திருக்கிற இன்னொன்றிலும் இதே ரப்பர்தானா தம்பி?
- ஒரு தாயார், ஜீவன்பீமா நகர்

பதில்: இல்லை அம்மா. இரண்டாவது பாராசூட்டுக்கு ரிசர்வ் என்று பெயர். இன்றைய சதுர ரிசர்வில் பையின் வாயைப் பூட்டுவது ஒரே எலாஸ்டிக் கயிற்று வளையம். ஒரு பக்கம் விடுபட்டால் மறு பக்கமும் தானே விடுபடுகிற மாதிரி அதைக் கோத்திருப்பார்கள். மிச்ச லைன் பையிலிருக்கும் ஒரு பாக்கெட்டுக்குள் போய்விடும். மெயினை உங்கள் மகனே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வை அவன் தொடக்கூடாது. அமெரிக்க விதிப்படி உரிமம் பெற்ற ரிக்கர் மட்டுமே அதை மடிக்கலாம், 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மறுபடி மடிக்கவும் வேண்டும். மடித்தபின் நூல் கட்டி ஈய முத்திரை வைப்பார், தேதியும் கையெழுத்தும் போட்ட அட்டை ஒன்று ரிக்கோடு இருக்கும்.

அந்த அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தேதி தாண்டியிருந்தாலோ முத்திரை நூல் அறுந்திருந்தாலோ, ரிக்கரிடம் போய்வரும்வரை ரிக் உங்கள் பீரோவில் இருக்கட்டும், சாவி உங்களிடம்.