அயர்லாந்தில் காரில் சுற்ற எவை தெரிந்திருக்க வேண்டும்?

டப்ளினில் கார் எடுத்து மேற்குக் கடற்கரைக்குப் போகிறீர்கள் என்றால், முதலில் டப்ளினைச் சுற்றிச் செல்லும் எம்50 நெடுஞ்சாலையைக் கவனியுங்கள். அங்கே சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடித்துவிடும். மறுநாள் இரவு 8 மணிக்குள் சுங்கக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், தவறினால் அபராதம்.

அப்புறம், மேற்கிலுள்ள கிளேர் மாவட்டக் கடற்கரையிலிருந்து தெற்கே கெர்ரி மாவட்டத்துக்குப் போக லிமெரிக் நகரைச் சுற்றாதீர்கள். கிளேரிலுள்ள கில்லிமரில் காரோடு படகில் ஏறினால் ஷானன் கழிமுகத்தைக் கடந்து 20 நிமிடத்தில் கெர்ரியிலுள்ள டார்பர்ட் வந்துவிடும். காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்காமல் இறங்கித் தண்ணீரைப் பாருங்கள். டால்பின்கள் அங்கேயே வாழ்கின்றன. எனக்கு மிகப் பிடித்த வழி இது.

மேற்குக் கடற்கரைக்கு அப்பால் இருக்கும் அரன் தீவுகளுக்குப் போகும் பயணிகள் படகில் கார் ஏறாது. ரோசாவீல் துறைமுகத்தில் காரை நிறுத்திவிட்டுப் படகில் போனால், அவற்றில் பெரிய தீவான இனிஷ்மோருக்குச் சுமார் 40 நிமிடம். இன்வெரின் என்ற ஊரிலிருந்து குட்டி விமானத்தில் பத்தே நிமிடம்தான்.