காப்பகம் ஒரு பக்கம், விலங்கு ஒரு பக்கம்: வரைபடம் காட்டும் இடைவெளிகள் (கேள்வி பதில்)

வனவிலங்குகளின் வாழிடங்களில் எவையெல்லாம் பாதுகாப்புக்கு வெளியே இருக்கின்றன என்று ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் அமைப்பு) வரைபடங்களை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கேப் அனாலிசிஸ் என்கிறார்களே, அது என்ன? நான் இதற்குப் புதிது.

ஓர் உயிரினம் எங்கெல்லாம் வாழ்கிறது என்பது ஒரு லேயர், அதாவது வரைபடத்தின் ஓர் அடுக்கு. காப்பகங்களின் எல்லைகள் இன்னொரு லேயர். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால், உயிரினம் இருந்தும் காப்பகம் இல்லாத இடங்கள் கண்ணில் படும். அவைதான் இடைவெளிகள். 1980களில் ஜே. மைக்கேல் ஸ்காட் என்ற உயிரியலாளர், ஹவாய்த் தீவில் அழியும் நிலையில் இருந்த காட்டுப் பறவைகளின் பரவலை அங்கிருந்த காப்பகங்களோடு இப்படி ஒப்பிட்டார். பறவைகள் வாழ்ந்த பரப்பில் பத்தில் ஒரு பங்குகூடக் காப்பகங்களுக்குள் இல்லை. அந்தப் பறவைகளுக்காகவே 1985-ல் ஹகலாவ் வனக் காப்பகம் அமைந்தது. இந்த முறை பிறகு அமெரிக்கா முழுவதற்குமான அரசுத் திட்டமாக வளர்ந்தது.

கேள்வி: நான் ஆராயும் பாலூட்டியின் பரவலில் 40 சதவீதம் காப்பகங்களுக்குள் வருகிறது. இது நல்ல நிலைதானே?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதலில், பரவல் வரைபடம் வேறு, வாழிடம் வேறு. பரவல் என்று வரையப்படும் பாலிகனுக்குள் (எல்லைக்கோட்டால் சூழப்பட்ட பரப்புக்குள்) வயல், ஊர், ஏரி எல்லாம் அடங்கியிருக்கும். அந்த விலங்குக்கு ஒத்துவரும் உயரமும் நிலப்போர்வையும் (காடு, புல்வெளி, வயல் போன்றவை) உள்ள பிக்சல்களை, அதாவது படத்தின் சிறு சதுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டி எடுங்கள். அதன் பிறகு கணக்கிட்டால் 40 என்பது 15 ஆகலாம், 60-ம் ஆகலாம்.

அடுத்து, எவ்வளவு இருந்தால் போதும் என்பது இனத்துக்கு இனம் மாறும். 2004-ல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு ஒன்றில், 1,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரவல் கொண்ட இனத்துக்கு முழுப் பரப்பும் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும், 2,50,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிய இனத்துக்கு 10 சதவீதம் போதும் என்றும் இலக்கு வைத்தார்கள். நடுவில் உள்ளவற்றுக்கு அதற்கேற்ற அளவு. உங்கள் பாலூட்டி ஒரே ஒரு மலைத்தொடரில் மட்டும் வாழ்வதென்றால், 40 சதவீதம் கவலைப்பட வேண்டிய எண்.

கேள்வி: காப்பகம் என்று குறித்திருந்தால் எல்லாம் ஒரே மாதிரிதானே? எதற்குத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்?

ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். அமெரிக்கத் திட்டத்தில் நிலத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகளில் இயற்கையைக் காப்பதற்கு நிரந்தர ஏற்பாடு உண்டு. மூன்றாவதில் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முடியாது, ஆனால் மரம் வெட்டலாம், சுரங்கமும் தோண்டலாம். நான்காவதில் அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் தெரியவில்லை என்று பொருள். மூன்றாம் நிலையையும் சேர்த்துப் பச்சை அடித்தால் வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், இடைவெளிகள் காணாமல் போய்விடும். நீங்கள் எந்த நாட்டுத் தரவை எடுத்தாலும், அங்கே சட்டப்படி எதற்கு அனுமதி உண்டு என்று படித்துவிட்டு வகை பிரியுங்கள். இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் தகும்.

கேள்வி: மென்பொருளுக்கும் தரவுக்கும் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். காப்பக எல்லைகளுக்கு ‘புரொடெக்டட் பிளானட்’ தளம், நிலப்போர்வைக்கு 10 மீட்டர் நுணுக்கம் கொண்ட சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். பழைய நிலவரத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள். அந்தத் தொடர் 1972-லிருந்து இருக்கிறது.

கேள்வி: காப்பகங்களின் மொத்தப் பரப்பு அரசு சொல்வதைவிட அதிகமாக வருகிறது. எங்கே பிழை?

இரண்டு இடங்களில் பாருங்கள். ஒரே நிலம் தேசியப் பூங்காவாகவும் உயிர்க்கோளக் காப்பகமாகவும் இரண்டு முறை பதிவாகியிருக்கும். டிசால்வ் செய்து ஒன்றாக்கிய பிறகே பரப்பைக் கணக்கிடுங்கள். அப்புறம் புரொஜெக்ஷன், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறை. இணைய வரைபடங்களில் உள்ள வெப் மெர்கேட்டரில் அளந்தால், 60 டிகிரி அட்சரேகையில் பரப்பு நான்கு மடங்காகத் தெரியும். சமபரப்பு புரொஜெக்ஷனுக்கு மாற்றிவிட்டு அளவிடுங்கள்.

கேள்வி: பொதுமக்கள் பதிவு செய்யும் பார்வைக் குறிப்புகளை மட்டும் வைத்துச் செய்யலாமா?

அவற்றை மட்டும் நம்பாதீர்கள். மனிதர்கள் சாலையோரத்திலும் சுற்றுலாப் பூங்காக்களிலும்தான் அதிகம் பார்க்கிறார்கள். அதனால் காப்பகத்துக்குள்ளேயே புள்ளிகள் குவிந்து, இனம் நன்றாகப் பாதுகாக்கப்படுவது போன்ற தோற்றம் வரும். புள்ளி இல்லாத இடத்தில் விலங்கு இல்லை என்று அர்த்தமில்லை. யாரும் போய்ப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். எவ்வளவு பேர், எவ்வளவு நேரம் தேடினார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் பரவலைக் கணிக்கும் மாதிரியை (மாடல்) உருவாக்க வேண்டும்.

கேள்வி: 2030-க்குள் 30 சதவீத நிலத்தைக் காப்பது என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டனவே. அதை எட்டினால் இந்த இடைவெளிகள் அடைபடுமா?

2022 டிசம்பரில் மான்ட்ரியலில் எடுத்த அந்த முடிவை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் எந்த 30 சதவீதம்? உலகம் முழுக்கக் காப்பகங்கள் உயரமான, செங்குத்தான, ஊருக்குத் தொலைவான நிலங்களில்தான் அதிகம் அமைந்திருக்கின்றன. விவசாயத்துக்கு உதவாத நிலத்தைக் கொடுப்பது எளிது. தாழ்நிலப் புல்வெளி, வெள்ளச் சமவெளி, கடலோரச் சதுப்பு இவற்றைக் கேட்டால் போட்டி கடுமையாகிவிடும், அங்கேதான் இழப்பும் வேகமாக நடக்கிறது. பாறையையும் பனியையும் சேர்த்தே 30-ஐ எட்டிவிட முடியும். அப்போதும் சமவெளி உயிரினங்கள் வெளியேதான் நிற்கும். உங்கள் அறிக்கையில் மொத்தச் சதவீதத்துக்கு முன்னால், ஒவ்வொரு வாழிட வகைக்கும் தனிச் சதவீதம் கொடுங்கள். எதை விட்டுவிட்டோம் என்பது அந்த அட்டவணையில்தான் வெளிவரும்.

கேள்வி: இடைவெளி வரைபடத்தை இணையத்தில் வெளியிடலாமா மேடம்? அதில் அரிய ஆமையின் இடங்கள் இருக்கின்றன.

துல்லியமான புள்ளிகளை வெளியிடவே வேண்டாம். ஆமை, ஆர்க்கிட் போன்றவற்றைத் திருடி விற்பவர்களும் வரைபடம் பார்க்கிறார்கள். 10 அல்லது 20 கிலோமீட்டர் கட்டங்களாக்கிப் பொதுவில் போடுங்கள். நுணுக்கமான பதிப்பை வனத்துறையிடமும், அந்த நிலத்தில் வாழும் மக்களிடமும் நேரில் கொடுங்கள். அவர்களோடு உட்கார்ந்து எல்லைகளைச் சரிபார்த்த பிறகு பரிந்துரை எழுதுங்கள்.