கோர்ட் ஃபீஸுக்குப் பயந்து கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. கல்யாணமாகி 11 ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள். சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். பாலர் பராமரிப்பு நிலையச் சமையலறையில் பகுதிநேர வேலை பார்க்கிறேன். கையில் 700 வெள்ளிகூட இல்லை. கணவரும் நானும் பிரிவது என்று முடிவாகிவிட்டது. "கோர்ட் ஃபீஸ், லாயர் காசு எல்லாம் நானே கட்டுறேன். வீட்டுல பங்கு வேண்டாம், உனக்கு ஜீவனாம்சமும் வேண்டாம்னு எழுதிக் கொடு" என்று ஒரு தாளை நீட்டுகிறார். வீட்டுக் கடன் அவருடைய மசேநிதியிலிருந்துதான் (மத்திய சேமநிதி) போகிறது. கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?
- ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம் தங்கை. அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பயப்படுவது விவாகரத்துக்கு அல்ல, அதற்கு ஆகும் செலவுக்கு. அந்தப் பயத்துக்கு விலையாக வீட்டையே கேட்கிறார்களே என்பதுதான் என் மனதை உறுத்துகிறது.

முதலில் கட்டணம். குடும்ப நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் உண்டு. சத்தியப் பிரமாணத்துக்கும் அதனுடன் இணைக்கும் தாள்களுக்கும் கொஞ்சம் ஆகும். இருவரும் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போனால் தாள்கள் குறைவு, செலவும் குறைவு. சண்டை நீண்டால் ஏறும். எப்படிப் பார்த்தாலும் பெரிய செலவு லாயர் ஃபீஸ்தான். லாயர் ஒரு தொகை சொன்னால், தாக்கல் கட்டணமும் அதில் சேர்த்தியா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பல நேரம் அது தனியாகத்தான் பில்லில் வரும்.

உங்கள் நிலையில் இந்தச் செலவு உங்கள் தலையில் விழாமலே போகலாம். சட்ட உதவி அலுவலகம், அதாவது லீகல் எய்ட் பியூரோ, குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர்களுக்கு விவாகரத்து வழக்கிலும் உதவுகிறது. வருமானம், சேமிப்பு, வழக்கின் நியாயம் மூன்றையும் பார்ப்பார்கள். உதவி கிடைத்துவிட்டால் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. வசதியைப் பொறுத்து ஒரு பங்குத் தொகை கேட்கலாம், அவ்வளவுதான். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், மசேநிதி அறிக்கை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எடுத்துப் போங்கள். அங்கே கிடைக்காவிட்டாலும், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி நீதிமன்றப் பதிவாளரிடம் கேட்கலாம். வழக்குச் செலவைக் கணவர் ஏற்க வேண்டும் என்று மனுவிலேயே கோரவும் இடம் உண்டு.

இப்போது வீட்டு விஷயம். "அவர் மசேநிதியில் கட்டியது" என்று தயங்குகிறீர்கள். திருமணம், விவாகரத்து பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு, யார் பணம் கட்டினார்கள் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டைக் கவனித்தது, பிள்ளைகளை வளர்த்தது எல்லாமே அங்கே பங்களிப்புதான். விடிகாலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கும் போன 11 வருஷத்தைச் சும்மா இருந்ததாக நினைக்காதீர்கள். அவருடைய மசேநிதிச் சேமிப்பும்கூடத் திருமணச் சொத்துக் கணக்கில் வரும். இருவரும் ஒப்புக்கொண்டு நீதிமன்றம் ஆணையிட்டுவிட்டால், சொத்துப் பிரிவினையைப் பிற்பாடு மாற்றுவது மிகவும் சிரமம். பிள்ளைகளின் பராமரிப்பை ஒரு தாளில் எழுதி விட்டுக்கொடுக்கவும் முடியாது. அது அவர்களுக்குச் சேர வேண்டியது, நீதிமன்றம் பார்க்கும்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் ஒருவரையொருவர் குற்றம் சாட்டாமல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துக் கேட்கலாம். பிரிவதற்குச் சம்மதம் சொல்வது வேறு, வீட்டை விட்டுக்கொடுப்பது வேறு. முதலாவதற்குச் சரி சொல்லிவிட்டு இரண்டாவதை நீதிமன்றத்திடம் விடலாம்.

வீட்டுச் செலவுக்கே காசு தராமல் இருக்கிறார் என்றால், விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜீவனாம்ச மனுவை இப்போதே போடலாம், அதற்குக் கட்டணம் 1 வெள்ளி. கை நீட்டுகிறார் என்றால் பாதுகாப்பு உத்தரவு மனுவுக்கும் அதே 1 வெள்ளிதான். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அப்புறம், 21 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருப்பதால், மனு போடுவதற்கு முன் பெற்றோருக்கான இணைந்து வளர்ப்புத் திட்டத்தை, அதாவது பிரிந்த பிறகும் பிள்ளைகளைச் சேர்ந்து வளர்ப்பது பற்றிய திட்டத்தை, முடிக்க வேண்டும். அதற்குக் காசில்லை.

இந்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுங்கள். சட்ட உதவி அலுவலகத்துக்குப் போவதற்குள், சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்ய முடிந்தால் அதையும் செய்யுங்கள். கணவர் கேட்டால், "லாயரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தத் தாளையும் மறக்காமல் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.