அரசு, எல்லை, இறையாண்மை: கூச்பிகாரிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன். அரசு, தேசம், எல்லை, இறையாண்மை எல்லாவற்றுக்கும் வரையறை மனப்பாடம். ஆனால் ‘உதாரணத்துடன் விளக்குக’ என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. எப்படிப் படிப்பது?

பதில்: பேனா நிற்பதற்குப் பாதிக் காரணம் நம் சொற்கள்தான். கோட்டையில் இருக்கும் ஆட்சியையும் ‘அரசு’ என்கிறோம். ஆட்சிகள் மாறினாலும் மாறாமல் இருக்கும் இந்தியா என்ற அமைப்பையும் ‘அரசு’ என்கிறோம். ‘நாடு’ இன்னும் மோசம். இந்தியாவும் நாடு, ஒரத்தநாடும் நாடு! அதனால் விடையில் ‘இறையாண்மை கொண்ட அரசு’ என்று ஒருமுறை தெளிவாக எழுதிவிட்டுத் தொடருங்கள். தேசம் என்பது தங்களை ஒன்றாகக் கருதும் மக்கள். துருக்கி, இராக், ஈரான், சிரியா என்று பரவிக் கிடக்கும் குர்து மக்களுக்குத் தேச உணர்வு உண்டு, தனி அரசு இல்லை.

நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஆட்சி, பிற அரசுகளுடன் உறவு கொள்ளும் திறன் என்று 1933 மாண்டெவிடியோ ஒப்பந்தம் சொல்லும் நான்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஐ.நா.வில் இடமில்லாத தைவானை ஒரு வரியில் சேர்த்தால், அங்கீகாரம் என்ற சிக்கலும் வந்துவிடும்.

மீதி எல்லாவற்றுக்கும் ஒரே ஓர் இடத்தை ஆழமாகப் படியுங்கள் என்பேன்: இந்திய–வங்கதேச எல்லையில் இருந்த சிட்மஹல்கள், அதாவது ஒரு நாட்டு நிலத்துக்குள் சிக்கிக் கிடந்த இன்னொரு நாட்டின் நிலத் துண்டுகள். கூச்பிகார் (இன்று மேற்கு வங்கத்தின் வடக்கே உள்ள மாவட்டம்) மன்னர்களின் நிலமும் முகலாயர் பக்கத்து நிலமும் அங்கே திட்டுத் திட்டாகக் கலந்து கிடந்தன. யாருக்கு வரி கட்டுவது என்பதுதான் அன்று அந்தக் கோட்டின் அர்த்தம். 1947இல் முகலாயர் பக்கத்து ரங்பூர், பின்னால் வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது, 1949இல் கூச்பிகார் இந்தியாவில் இணைந்தது. கோடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் வரிக் கணக்கின் வரப்பு சர்வதேச எல்லையாகிவிட்டது.

பின்னாளில் எண்ணியபோது வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். தஹலா காக்ராபாரி என்ற இடத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். வங்கதேசத்துக்குள் ஓர் இந்தியத் துண்டு, அதற்குள் ஒரு வங்கதேசத் துண்டு, அதற்குள் மறுபடி ஓர் இந்தியத் துண்டு. அந்தக் கடைசித் துண்டு இரண்டு ஏக்கர்கூடத் தேறாத சணல் வயல்.

இப்போது இறையாண்மைக்கு வருவோம். வரைபடத்தின்படி அந்த 111 துண்டுகளும் இந்தியாவுடையவை. ஆனால் இந்தியப் போலீஸ் அங்கே போகவேண்டுமானால் வேறொரு நாட்டைக் கடக்க வேண்டும். பள்ளி இல்லை, மின்சாரம் இல்லை, வாக்குரிமை இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வெளியூர்க்காரர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக்கொடுத்த கதைகள் இரண்டு பக்கமும் உண்டு. சட்டப்படியான இறையாண்மை வேறு, நடைமுறை இறையாண்மை வேறு என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

சரி, எல்லையை மாற்றுவது யார்? 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் அதே எல்லையில் இருந்த பெருபாரி என்ற பகுதியைப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்திய நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை, சாதாரணச் சட்டம் போதாது என்று 1960இல் அது கருத்துச் சொன்னது. நம்மூர்க் கச்சத்தீவு விவாதத்தில் பெருபாரி அடிக்கடி தலைகாட்டுவது இதனால்தான். 1974 மே மாதம் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும், இந்தத் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளவும் வழிசெய்யும் நில எல்லை ஒப்பந்தம் செய்தார்கள். அடுத்த மாதமே கச்சத்தீவு ஒப்பந்தம். முன்னதற்குத் திருத்தம் தேவைப்பட்டது. பின்னதில் தீவின் உரிமையே தகராறில் இருந்தது, எனவே எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் வாதம். அந்த வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம், ஆனால் விடைத்தாளில் இரண்டு தரப்பையும் எழுதுங்கள்.

வங்கதேசம் 1974லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. நமக்கு நூறாவது திருத்தம் வர 2015 ஆனது. அந்த ஆண்டு ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. யாரையும் கிளப்பவில்லை, எந்தக் குடியுரிமை வேண்டும் என்று அங்கிருந்தவர்களையே கேட்டார்கள். வங்கதேசப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் குறைவானவர்களே இந்தியா வந்தார்கள். இந்தியப் பக்கத்து வங்கதேசத் துண்டுகளிலிருந்து ஒருவரும் அங்கே போகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு நிலம் அப்படியே இருந்தது, நாடுதான் மாறியது.

அப்புறம் ஒரு பயிற்சி. தஹகிராம்–அங்கர்போத்தா மட்டும் இன்றும் வங்கதேசத் துண்டாகவே இருக்கிறது. அங்குள்ளவர்கள் தாய்நாட்டுக்குப் போய்வர 178 மீட்டர் நீளமும் 85 மீட்டர் அகலமும் கொண்ட தீன் பிகா பாதையை இந்தியா 1992இல் குத்தகைக்கு விட்டது. முதலில் பகலில் சில மணி நேரம் மட்டும், 2011 முதல் 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. அந்தப் பாதையில் இறையாண்மை யாருக்கு, பயன்பாட்டு உரிமை யாருக்கு? 150 வார்த்தைகளில் எழுதிப் பாருங்கள்.