மினியேச்சருக்கு (போர்டு கேமில் வரும் குட்டிப் பொம்மைக்கு) அடித்த பெயிண்ட் பாதியில் தீர்ந்துவிட்டது. வேறு கம்பெனியில் அதே நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதே கேள்வியோடு போன வருடம் இரண்டு வாரம் அலைந்தவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். பாதி பொம்மைகள் முடிந்துவிட்டன. அதே டப்பா எங்கேயும் ஸ்டாக் இல்லை. 'இந்தக் கம்பெனியின் இந்த நிறத்துக்கு அந்தக் கம்பெனியில் இது' என்று இணையத்தில் ஓர் அட்டவணை சிக்கியிருக்கிறது, அதை நம்பி ஆர்டர் போடலாமா என்று யோசிக்கிறீர்கள். போடுங்கள். ஆனால் அதே நிறம் வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

என் கதை இது. பிளட் ரேஜ் என்று ஒரு போர்டு கேம், 2015இல் வந்தது. வைக்கிங் குலங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். குலத்துக்கு எட்டு வீரர்கள், ஒரு தலைவர், ஒரு கப்பல். மேசையில் பார்த்தவுடன் யார் எந்தக் குலம் என்று தெரிய வேண்டும், அதனால் நிறம் இங்கே அழகுக்காக மட்டும் இல்லை. ஓநாய்க் குலத்துக்குச் சிவப்பு உடை என்று முடிவு செய்து, சிட்டடல் என்ற பிராண்டின் மெஃபிஸ்டன் ரெட் என்ற சிவப்பு ஒரு டப்பா வாங்கினேன். 12 மில்லி. எட்டு பேருக்கு அது தாராளம். ஐந்து பேரை முடித்த ராத்திரி மூடியைச் சரியாக அமுக்காமல் தூங்கப் போய்விட்டேன். சில நாள் கழித்துத் திறந்தால் உள்ளே ரப்பர். தப்பு என்னுடையது, கம்பெனியை நான் குறை சொல்லவில்லை.

அட்டவணையைப் பார்த்து வேறொரு கம்பெனியின் சிவப்பை வரவழைத்து, மிச்சம் மூன்று பேருக்கும் அடித்தேன். ராத்திரி டேபிள் விளக்கில் எட்டு பேரும் ஒரு தாய் மக்கள் மாதிரி இருந்தார்கள். போட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டுப் பெருமைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனிக் கதவைத் திறந்து வைத்து விளையாட உட்கார்ந்தோம். அந்த மூன்று பேரும் தனியாகத் தெரிந்தார்கள். "இவங்க என்னடா, சம்பந்தி வீட்டுக்காரங்களா?" என்றான் நண்பன்.

காபி கொண்டுவந்த அம்மா பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்துக்கொண்டு நேராக பால்கனிக்குப் போனார். இரண்டையும் ஒட்டிப் பிடித்து, லேசாகச் சாய்த்துப் பார்த்தார். "இதுல நீலம் ஓடுது, அதுல மஞ்சள் ஓடுது. லைட்டு வெளிச்சத்துல பாத்துதானே அடிச்சே?" அவ்வளவுதான். நாற்பது வருடமாகப் புடவைக்கு பிளவுஸ் துணி எடுக்கிறவர் அவர். மேட்சிங் சென்டரில் புடவையையும் துணியையும் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்காமல் ஒரு தடவைகூட 'வெட்டுங்க' என்று சொன்னதில்லை. சின்ன வயதில் அதற்காக நான் வெட்கப்பட்டிருக்கிறேன்.

அம்மா சொன்னதுதான் முழு விஷயமும். சிவப்பு என்றால் ஒரே நிறமி இல்லை. இரண்டு கம்பெனிகள் வேறு வேறு நிறமிகளைக் கலந்து, கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் சிவப்பைக் கொண்டுவரலாம். ஒரு விளக்கில் அவை ஒன்றாகத் தெரியும், வேறு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். எல்இடி விளக்கின் வெளிச்சத்தில் எல்லா நிறமும் வெயிலில் இருக்கிற அளவில் இருப்பதில்லை. அட்டவணை போட்டவர் எந்த வெளிச்சத்தில் பார்த்தார் என்று யாருக்குத் தெரியும்? அவர் ஸ்கிரீனில் பார்த்துப் போட்டிருந்தால் பேசவே வேண்டாம்.

அப்புறம், ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாம் அடிக்கிற தண்ணீர்ப் பெயிண்டான அக்ரிலிக்கில் இருக்கும் பசை ஃபெவிகால் மாதிரி. ஈரமாக இருக்கும்போது பால் நிறம், காய்ந்தால் கண்ணாடி. அதனால் காய்ந்த பெயிண்ட் ஒரு படி இருண்டுதான் நிற்கும்.

இன்னொன்றும் நடந்தது. நண்பர்களிடம் இதுவரை சொல்லவில்லை. முதல் ஐந்து பேருக்குக் கறுப்பு பிரைமர் (நிறத்துக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு) அடித்திருந்தேன், கடைசி மூன்றுக்கு வெள்ளை. கறுப்பு ஸ்ப்ரே தீர்ந்துபோயிருந்தது. சிவப்பும் மஞ்சளும் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கிற நிறங்கள். அந்தப் பழைய டப்பாவே கையில் இருந்திருந்தாலும் எனக்கு இரண்டு சிவப்புதான் வந்திருக்கும்.

பழைய அட்டவணைகளில் பெயர்க் குழப்பம் வேறு. சிட்டடல் வண்ணங்களை விற்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2012இல் வரிசையையே மாற்றியது. கேயாஸ் பிளாக் அபடான் பிளாக் ஆனது, போல்ட்கன் மெட்டல் இருந்த இடத்துக்கு லெட்பெல்ச்சர் வந்தது. டெவ்லன் மட் என்ற பழுப்பு வாஷ் (மடிப்புகளில் தேங்கி நிழல் காட்டுகிற தண்ணியான பெயிண்ட்) போய் அக்ராக்ஸ் எர்த்ஷேட் வந்தது. 'பழையது மாதிரி வராது' என்று புலம்புகிறவர்கள் இன்னும் உண்டு. ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்தக் கதை என்றால், கம்பெனி விட்டுக் கம்பெனி தாவும்போது எப்படி இருக்கும்?

அட்டவணை, ஷேட் கார்டு (பெயிண்ட் கடையில் தரும் நிற மாதிரி அட்டை) என்றாலே எனக்குக் கோபம் வருவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று சங்கம் முடிவெடுத்தது. விரல் அகலச் சதுரத்தை வைத்து 'இளம் சந்தனம்' என்று தேர்வு செய்தார்கள். சுவரில் ஒரு கை அடித்துக் காயவிட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். "சார் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறவரு" என்று ஒருவர் சொல்ல, கூட்டமே சிரித்தது. இன்றைக்குச் சாயங்கால வெயிலில் எங்கள் கட்டடம் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் நிறத்தில் நிற்கிறது. வீட்டுக்கு நாலாயிரம் வசூலித்தார்கள், கணக்கு இன்னும் நோட்டீஸ் போர்டுக்கு வரவில்லை. சரி, அதை விடுங்கள்.

நான் கடைசியில் நிறத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை. எட்டு பேரின் உடையிலும் மேடான இடங்களில் புதுச் சிவப்பை மெல்லிசாக ஒரு கோட் அடித்தேன். மடிப்புகளுக்குள் பழையது அப்படியே நிழலாக நின்றுவிட்டது. எட்டுக்கும் ஒரே பழுப்பு வாஷ். காய்ந்ததும் எட்டுக்கும் பளபளப்பில்லாத ஒரே மேட் வார்னிஷ், ஏனென்றால் ஒன்று பளபளவென்றும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் ஒரே பெயிண்டுகூட இரண்டு நிறமாகத் தெரியும். இப்போது நான் சொன்னால்தான் யாருக்கும் தெரியும். அம்மாவைத் தவிர.

கலந்துதான் பார்ப்பேன் என்றால் சொட்டு மூக்கு வைத்த பாட்டிலாக வாங்குங்கள். மூன்று சொட்டு இது, ஒரு சொட்டு அது என்று எண்ணி எழுதி வைத்தால் அடுத்த தடவையும் அதே கலவை வரும். சிவப்பை வெளுக்க வெள்ளை ஊற்றினால் ரோஸ் ஆகிவிடும், ஆரஞ்சு சேருங்கள். இருட்டாக்கத் துளி பழுப்பு போதும். பொம்மைக்கு அடித்த அதே பிரைமரை ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு அடித்து, அதன் மேல் இரண்டு கோட் போட்டு, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் ஜன்னல் ஓரத்தில் பழைய பொம்மைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

'முதலிலேயே இரண்டு டப்பா வாங்கியிருக்க வேண்டும்' என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும் சார். நான் போட்டிக்கு அடிக்கிறவனும் இல்லை, ஏர்பிரஷும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிற பொம்மைகள் இவை.

உங்களுக்கு இன்னும் எத்தனை பொம்மை பாக்கி என்று கேள்வியில் இல்லை. ஒன்றிரண்டுதான் என்றால் புது டப்பாவே வேண்டாம். அவற்றைத் தலைவன், கொடி பிடிக்கிறவன் என்று ஆக்கி, வேண்டுமென்றே வேறு நிறம் கொடுத்துவிடுங்கள்.