முதலில் பாலை அளந்து பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. பிறந்தபோது 3 கிலோ 100 கிராம், ஒரு வயதில் 8 கிலோ 800, இப்போது 9 கிலோ 900. ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள். பாதியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறாள், நான் கிண்ணத்தோடு பின்னால் ஓடுகிறேன். தாய்ப்பாலை ஒரு வயதில் நிறுத்திவிட்டேன். சாப்பிடவில்லையே என்று பயந்து மாட்டுப்பால் கொடுத்தால் அதை மட்டும் மடமடவென்று குடித்துவிடுகிறாள். அதே வயதுள்ள என் தோழியின் மகன் தன் தட்டைத் தானே காலி செய்கிறான். "பிள்ளை இளைத்துப் போச்சே" என்று மாமியார் தினமும் சொல்கிறார். நேற்று ஊட்டும்போது கையை ஓங்கிவிட்டேன், இரவெல்லாம் அழுதேன். பசி எடுக்க நல்ல டானிக் ஒன்று சொல்லுங்களேன். – ஒரு வாசகி.

பதில்: ஒரு வேளைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் மூன்று வேளைக்குக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். தினமும் நாலு மணி நேரம் பாடுபட்டு, அது தரையிலும் சட்டையிலும் வழிவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அடுத்த முறை கை எழும்போலத் தோன்றினால் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, குழந்தையை வீட்டில் வேறு யாரிடமாவது விட்டுவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். அந்த வேளைச் சாப்பாடு போனால் போகிறது.

டானிக்கைக் கடைசியில் பேசுவோம். எடையை எல்லாம் கிராம் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். பால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை. எனக்கு வேண்டிய எண் அதுதான்.

உங்களைக் குறை சொல்லவில்லை, என்னிடம் கேட்டிருந்தாலும் அன்று தெரிந்திருக்காது. என் மூத்தவனுக்கு இதே வயதில் இதே கதை. "எத்தனை பாட்டில் குடிக்கிறான்?" என்று டாக்டர் கேட்டபோது, "மூணு இருக்கும்" என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் காலையில் ரோஷத்தோடு ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சித் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து, அவனுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்தோம். விடிகாலையில் அரைத்தூக்கத்தில் நான் கொடுத்தது, மதியம் தூங்க வைக்க அவன் அப்பா கொடுத்தது, சாயங்காலம் "பாவம், காலையிலிருந்து ஒண்ணுமே சாப்பிடலையே" என்று கொடுத்தது, இதெல்லாம் என் மூன்று பாட்டில் கணக்கில் வந்ததே இல்லை. இரவு பார்த்தால் பாத்திரத்தின் அடியில் 100 மில்லி கிடந்தது. 900 மில்லி உள்ளே போயிருக்கிறது. அன்று மதியம்தான் அக்காவிடம் போனில், "பிள்ளை பட்டினி கிடக்கிறான்" என்று மூக்கைச் சிந்தியிருந்தேன்.

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். கொழுப்பு எடுக்காத பால் 100 மில்லியில் சுமார் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. 900 மில்லி என்றால் 550ஐத் தாண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 900 முதல் 1000 கலோரிதான். பாதிக்கு மேல் பாலிலேயே வந்துவிட்டால், வாயை மூடிக்கொள்வதைத் தவிர அந்தப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

பால் நல்லதுதானே என்பீர்கள். அளவோடு நல்லதுதான். ஆனால் ஒரு லிட்டர் பாலில் 1 மில்லிகிராம் இரும்புச்சத்துகூடக் கிடையாது, உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 7 மில்லிகிராம். போதாததற்கு, பாலில் உள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து கிடைக்கும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் இழுத்துப் பிடிக்கும். இப்படி நாள் கணக்கில் ஓடினால் ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்த பிள்ளைக்குப் பசி இன்னும் குறையும், பசியில்லை என்று நாம் இன்னும் கொஞ்சம் பால் கொடுப்போம். மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம், வயிறு கட்டிக்கொண்டு கிடக்கும் பிள்ளை எதைத்தான் சாப்பிடும். இந்த வயதில் ஒரு நாளைக்கு 500 மில்லி அளவில் பாலை நிறுத்திக்கொள்வது நல்லது. 700ஐத் தாண்டவே கூடாது.

எடையைப் பார்ப்போம். முதல் வருடம் உங்கள் மகள் 5 கிலோ 700 கூடியிருக்கிறாள். அடுத்த ஆறு மாதத்தில் 1 கிலோ 100. வேகம் சட்டென்று குறைந்தது போலத் தெரிகிறது, இல்லையா? எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான். இரண்டாம் வருடம் முழுக்கவே இரண்டரை கிலோ வாக்கில்தான் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டையில் பெண் குழந்தைகளுக்கான நடுக்கோடு ஒரு வயதில் 8.9 கிலோ, ஒன்றரை வயதில் 10.2 கிலோ. உங்கள் மகள் அன்றும் அதை ஒட்டியே இருந்தாள், இன்றும் ஒட்டியே இருக்கிறாள். "இளைத்துப் போச்சே" என்று மாமியார் சொல்வதும் பொய்யில்லை. ஒரு வயதுக்குப் பிறகு நடக்கத் தொடங்கும் பிள்ளை உயர்ந்து, கன்னக் கொழுப்பு கரைந்து மெலிந்துதான் தெரியும். அவரோடு வாதாடாதீர்கள். அந்த அட்டையை எடுத்துவைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டுக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடாத இடத்தில் அந்தக் கோடு எடுபட்டது.

அப்புறம், தோழியின் மகன். அவன் தட்டைக் காலி செய்வதைத்தான் பார்த்தீர்கள், அவன் எத்தனை பாட்டில் பால் குடிக்கிறான் என்று பார்த்தீர்களா? அதை இத்தோடு விடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதல் இரண்டு நாள் எதையும் மாற்றாமல், நான் செய்தது போலத் தனிப் பாத்திரத்தில் வைத்து அளந்து மட்டும் பாருங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். எவ்வளவு என்று தெரிந்தபின், ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 மில்லி குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் அவளும் அழுவாள், நீங்களும் மூன்றாம் நாள் மனம் இளகிப் பழையபடி கொடுத்துவிடுவீர்கள். மதியப் பாட்டிலை முதலில் எடுத்துவிடுங்கள், இரவுப் பாட்டிலைக் கடைசியில். அதுதான் பிடிவாதமானது. ஆனால் பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கினால் முன்பல் சொத்தையாகும் என்பதால் அதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும். பால் முடித்து, பல் துலக்கி, பிறகு படுக்கை. பகலில் பாலைச் சின்ன டம்ளரில் கொடுங்கள். டம்ளரில் குடித்தால் பிள்ளை தானாகவே குறைவாகத்தான் குடிக்கும், பாட்டிலைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்ச முடியாது பாருங்கள். அந்தப் பாலும் சாப்பாட்டுக்குப் பிறகுதான், முன்னால் இல்லை.

சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். ஒரு பிஸ்கட்தானே, அரை வாழைப்பழம்தானே என்று நடுவில் போவதெல்லாம் இவ்வளவு சின்ன வயிற்றில் கணக்குதான். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே நேரம் குறித்த இரண்டு சிறு தீனி, அது போதும்.

தட்டில் நீங்கள் வைக்கும் அளவும் அதிகமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். இந்த வயதுக்கு ஒவ்வொரு உணவிலும் ஒன்றரை மேசைக்கரண்டி வைத்துத் தொடங்கினால் போதும், கேட்டால் மேலும் போடலாம். வைக்கும் கொஞ்சத்தில் இரும்பு இருக்கட்டும்: முட்டை, பருப்பு, கீரை, நீங்கள் உண்பவரானால் இறைச்சி, மீன். கூடவே புளிப்பான ஒரு பழத்துண்டு இருந்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் இந்த வேலையை அழகாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, அவன் இஷ்டத்துக்கு விட்டால் ஆயுள் முழுக்கச் சாப்பிட மாட்டானே என்று. ஆனால் 1991ல் வெளியான ஒரு ஆய்வில், 2 முதல் 5 வயதுள்ள 15 குழந்தைகள் சாப்பிட்டதை நாள் முழுக்கக் கணக்கெடுத்தார்கள். வேளைக்கு வேளை அளவு தாறுமாறாக மாறியது. ஒரு நாளின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் பெரிய மாற்றமே இல்லை. காலையில் கொறித்த பிள்ளை மதியம் ஈடுகட்டிவிடுகிறது. நாம்தான் காலையிலேயே பயந்துபோய் பாட்டிலை நீட்டி, அந்த மதியப் பசியைக் கெடுத்துவிடுகிறோம்.

போனையும் எடுத்துவிடுங்கள். இரண்டு வயது ஆகும் வரை திரையே காட்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பாட்டைப் பார்த்தபடி வாய் திறக்கும் பிள்ளைக்கு வாய்க்குள் போவது என்னவென்றே தெரியாது. ருசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. விழுங்க வேண்டும் என்ற நினைவே இல்லாததால்தான் கன்னத்தில் தங்குகிறது. மதியம் ஊட்டிய கேரட் துண்டு என் மகன் தூங்கி எழுந்த பிறகும் கன்னத்துக்குள் அப்படியே இருந்ததைப் பார்த்து வெலவெலத்துப் போனேன். தூக்கத்தில் அது தொண்டைக்குள் போயிருந்தால்? அதனால் கிண்ணத்தோடு பின்னால் ஓடுவதை இன்றே விடுங்கள். உட்கார்ந்தால் சாப்பாடு, எழுந்தால் முடிந்தது. எழும்போது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாமல், ஒரு மடக்கு தண்ணீர் கொடுத்து "ஆ காட்டு" என்று பார்த்துவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும், கடலை போன்றவற்றை 5 வயது வரை முழுசாகக் கொடுக்கவே கூடாது.

நீங்கள் சாப்பிடும் நேரத்திலேயே அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவள் தட்டில் அவள் கை. இறைக்கட்டும், தரையில் பழைய துணி ஒன்றை விரித்துவிடுங்கள். "இன்னும் ஒரு வாய், அம்மாவுக்காக" என்பதெல்லாம் வேண்டாம், பாராட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். உங்கள் சாப்பாட்டை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு வேறு எதையாவது பேசுங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். பிறகு தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தில் எதையும் காட்டாமல். புதிதாக ஒன்றைத் துப்பினால் அது பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகு வாயில் வைக்கும் பிள்ளைகள் எத்தனையோ.

முதல் நாலைந்து நாள் மோசமாகத்தான் இருக்கும். பால் குறையும், சாப்பாடு உடனே கூடாது, அழுகை கூடும். வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் பரிதாபப்பட்டுச் சமையலறையில் ரகசியமாகப் பாட்டிலை நிரப்புவார். எங்கள் வீட்டில் அது என் கணவர். எங்களுக்கு இரண்டாம் வாரத்தில்தான் மாற்றம் தெரிந்தது. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த முட்டையை என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றான். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன், பார்த்தால் துப்பிவிடுவானோ என்று.

டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. எடை கூடாமல் நிற்பது அல்லது இறங்குவது, உள்ளங்கையும் உதடும் வெளுத்திருப்பது, மண், சுவர்ச் சுண்ணாம்பு, காகிதம் என்று தின்பது, அடிக்கடி வாந்தி, நீடிக்கும் பேதி, கட்டியான எதையும் விழுங்கவே முடியாமல் திணறுவது. இதில் ஒன்று இருந்தாலும் நான் எழுதியதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும், பால் 700 மில்லிக்கு மேல் மாதக்கணக்கில் போயிருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என் மகனுக்குக் குறைவாகத்தான் இருந்தது, மூன்று மாதம் இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தோம். அதையும் டாக்டர் அளவு சொல்லித்தான் கொடுக்க வேண்டும், அளவு மீறினால் இரும்பு விஷம், புட்டியைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

டானிக் கேட்டீர்கள். பசிக்கென்று கொடுக்கப்படும் சில மருந்துகளில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது உண்மையில் ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கம் வரவைக்கும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏற்றதில்லை. உங்கள் மகளுக்குப் பசி இல்லாமல் இல்லை, பாலை மடமடவென்று குடிக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டானிக் வாங்க வேண்டாம்.