சர்க்கரையும் மூட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 52. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. நாலு மாதமாக இடது கையைத் தூக்க முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. வாயுப் பிடிப்பு என்கிறார்கள். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, ராயபுரம்

பதில்: உண்டு. 'ஃப்ரோஸன் ஷோல்டர்' எனும் தோள் இறுக்கம் போலத் தெரிகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இன்னொருவர் பிடித்துத் திருப்பியும் போகவில்லை என்றால் மூட்டு உறை இறுகியிருக்கிறது. பிறர் தூக்கினால் போகிறது, நீங்களாகத் தூக்கத்தான் வரவில்லை என்றால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்திருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

ரத்தத்தில் மிகையாக ஓடும் சர்க்கரை, மூட்டு உறையில் உள்ள கொலாஜன் எனும் புரத இழைகளில் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. இது வருடக்கணக்கில் நடப்பது. அதனால் இன்று காலை வெறும் வயிற்றில் 110 காட்டியது என்று நிம்மதி அடையாதீர்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி எடுங்கள். தைராய்டையும் பார்த்துவிடுங்கள், அதுவும் தோளை இறுக்கும்.

வெந்நீர்த் துண்டு ஒத்தடம் 10 நிமிடம். தோல் சுடாமல் இருக்கிறதா என்று மற்றவர் தொட்டுப் பார்க்கட்டும், சர்க்கரையில் சூடு சரியாகத் தெரியாது. பிறகு நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக இரு பக்கமும் பத்துப் பத்து முறை ஆட்டுங்கள். அடுத்து சுவரில் விரல்களால் மேலே ஏறுங்கள். தினம் இரண்டு மூன்று வேளை. செய்த வலி இரவு வரை நின்றால் அளவு மிஞ்சிவிட்டது, குறையுங்கள். யாரையும் கையை வெடுக்கென்று இழுத்து 'எடுக்க' விடாதீர்கள். குணமாக ஒன்றிலிருந்து மூன்று வருடம் கூட ஆகலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்தால் பிசியோதெரபி பற்றிக் கேளுங்கள்.

ஆரம்ப கட்ட வலிக்கு மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாகக் கேட்கும். ஆனால் சில நாள், சிலருக்கு ஒரு வாரம், சர்க்கரை ஏறும். போடுமுன் சொல்லிவிட்டு, அந்த வாரம் தினம் இரு வேளை சோதியுங்கள். நடக்கும்போது இடது கை வலியோடு வியர்வை, மூச்சிரைப்பு இருந்தால் தோளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இதயக் கோளாறாக இருக்கலாம், உடனே இ.சி.ஜி.

கேள்வி: மீன் வெட்டும் வேலை. காலையில் மோதிர விரல் மடங்கி மாட்டிக்கொள்கிறது. பிடித்து நிமிர்த்தினால் 'டக்'கென்று விடுகிறது.
- வாசகி, காசிமேடு

பதில்: 'ட்ரிகர் ஃபிங்கர்'. அந்த விரலின் அடியில், உள்ளங்கையில் அழுத்தினால் சின்ன முடிச்சு தட்டுப்படும். தசைநாண் தடித்து, அது நுழையும் வளையத்தில் சிக்குகிறது. சர்க்கரைக்காரர்களுக்குப் பல விரல்களில் வரும். கும்பிடும்போது உள்ளங்கைகள் முழுதாக ஒட்டவில்லை என்றால் மற்ற விரல் மூட்டுகளும் இறுகத் தொடங்கிவிட்டன. இரவில் விரலை நீட்டி வைக்கும் ஸ்ப்ளிண்ட் (தாங்குபட்டை), அடுத்து ஸ்டீராய்டு ஊசி, அதிலும் தீராவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் சிறு அறுவை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

கேள்வி: முழங்கால் வலிக்குக் கடையில் தரும் கலவை மாத்திரை நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: கூடாது. ஒரே நாளில் பறக்க வைக்கும் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கலாம், சர்க்கரை எகிறும். வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் தடாலென்று நிறுத்தாமல், பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 20 வருடச் சர்க்கரை. ஒரு பாதம் சிவந்து வீங்கியிருக்கிறது. புண் இல்லை, வலியும் அதிகம் இல்லை. எக்ஸ்ரே நார்மல். நடந்தால் வீக்கம் வடியும் என்கிறார்.
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: நடக்கவே கூடாது. புறங்கையால் இரு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வீங்கியது சூடாக இருந்தால் 'ஷார்கோ பாதம்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு மரத்துவிட்டதால் எலும்பு நொறுங்கினாலும் வலி உறைக்காது. முதல் வாரங்களில் எக்ஸ்ரே ஏமாற்றும், எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். கிருமித் தொற்றா, ரத்தக்கட்டா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். உறுதியானால் பாதத்துக்கு ஏற்ற மாவுக்கட்டு, பல மாதம். இன்றே அந்தக் காலை ஊன்றாமல், சக்கர நாற்காலியிலோ ஆட்டோவிலோ அழைத்துப் போங்கள்.